லைட் எரியும் ஷூ

அன்புள்ள கலா,

நாலு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அத்தானின் மாற்றல் என்னாயிற்று?

போன வாரம் சின்னவளுக்கு நடந்தால் லைட் எரியும் ஷூ வாங்கினேன். வீடெல்லாம் குதித்தாள். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் கழற்றி மூலையில் வைத்துவிட்டாள். "இதைப் போட்டுக்கிட்டு ஒளிய முடியாதும்மா, வெளிச்சம் காட்டிக் கொடுத்துடும்" என்றாள். அன்றைக்கு அவர்களுக்கு லாக்டவுன் பயிற்சி, யாராவது துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைந்தால் எப்படி ஒளிவது என்று. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சுவரோரமாக மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். ஆறு வயசு, கலா! அந்த வயசில் நாம் ஒளிந்தது கணக்கு டீச்சருக்குப் பயந்து. அதுவும் நீ தும்மித் தொலைத்து மாட்டினோம்.

இங்கே மிச்சிகனில் இருக்கும் ஆக்ஸ்போர்டு ஊர் எங்களுக்குக் காரில் முக்கால் மணி நேரம். 2021 நவம்பர் 30 அன்று அங்கே உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுப் பையன் சுட்டதில் நான்கு மாணவர்கள் போய்விட்டார்கள். துப்பாக்கி, நாலு நாள் முன்பு அப்பா வாங்கியது. அன்று காலை கணக்குத் தாளில் அவன் துப்பாக்கி வரைந்ததைப் பார்த்து, பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. அவன் பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. 2024-இல் அப்பா, அம்மா இருவருக்கும் 10 முதல் 15 வருடம் சிறை.

அதே வருடம் பிப்ரவரியில் மிச்சிகனில் சட்டம் வந்தது: பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். சரி, வீடு வீடாகப் போய் யார் பார்ப்பது? நாம்தான் கேட்க வேண்டும். சின்னவளை விளையாட அனுப்புவதற்கு முன், அவள் தோழியின் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். நாக்கு உலர்ந்துவிட்டது. அந்தப் பெண் கோபிக்கவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் இரும்புப் பெட்டியைக் காட்டினாள், பூட்டை இழுத்தும் காட்டினாள்.

ஆனால் நாடு முழுவதற்கும் இப்படி ஒரு சட்டம் இல்லை. தெற்கே எல்லையைத் தாண்டினால் ஒஹாயோ, அங்கே கிடையாது. தம்பி பிள்ளைகள் அங்கேதான் படிக்கின்றன. விளையாடப் போகும் வீடுகளில் கேள்டா என்று நேற்று போன் போட்டேன். "தப்பா நினைப்பாங்க அக்கா" என்கிறான். நீ அவனுக்கு ஒரு வரி எழுது. சின்ன வயசிலிருந்து உன் பேச்சைத்தானே கேட்பான்.

உன்
சுமதி