அறை பிடித்துவிட்டுப் போவதா, வழியில் பார்த்துக்கொள்வதா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. பணி ஓய்வு பெற்ற மறு மாதமே அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைப்பக்கம் கார் ஓட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

"ஹோட்டல் எல்லாம் முன்பதிவு செய்ய வேண்டுமா? அந்தக் காலத்தில் கொடைக்கானலுக்கு என்ன பதிவு செய்துகொண்டா போனோம்?" என்று கேட்டிருக்கிறாய். உண்மைதான். ஆனால் அது மே மாதம். அறை கிடைக்காமல் பஸ் நிலையத்து பெஞ்சில் விடிய விடியக் குளிரில் உட்கார்ந்திருந்தோம். அப்போது நமக்கு இருபத்திரண்டு வயது. இப்போது உன்னோடு வருவது எழுபத்தாறு வயது அம்மா.

பதிவு செய்யாமல் போவதன் இன்பம் எனக்குத் தெரியாதது அல்ல. ஒரு ஜூன் மாதம் கிராஸ்க்ளாக்னர் மலைச்சாலையைக் கடந்து ஹைலிகன்ப்ளூட் என்ற ஊரில் இறங்கினோம். மழை. ஒரு வீட்டு வாசலில் 'ஸிம்மர் ஃப்ரை', அதாவது அறை காலி என்ற மரப்பலகை. கதவைத் தட்டினோம். பாட்டி ஒருத்தி நனைந்த சட்டைகளை வாங்கி அடுப்பருகே காயப்போட்டாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஊசி போன்ற தேவாலயக் கோபுரம், அதன் பின்னால் ஆஸ்திரியாவின் மிக உயரமான சிகரம். எந்த இணையதளத்திலும் தேடி அந்த வீட்டை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஆனால் அந்த அறை இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது, செங்குத்தான மரப்படிகள். அம்மாவின் முழங்காலை நினைத்துப் பார்.

இன்னோர் இரவையும் சொல்கிறேன். ஆகஸ்ட் 15, இத்தாலியில் கார்டா ஏரிக்கரை. அன்று அங்கே ஃபெர்ரகோஸ்டோ விடுமுறை, நாடே கடலுக்கும் ஏரிக்கும் போய்விடும் நாள். எனக்கு அது உறைக்கவில்லை. கோடையில் ஒன்பது மணி நெருங்கும்வரை வெளிச்சம் இருப்பதால் நேரம் போனதும் தெரியவில்லை. பதினோரு இடங்களில் கேட்டோம், எல்லாம் நிரம்பியிருந்தன. கடைசியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில், மகளைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு நாங்கள் இருவரும் விழித்திருந்தோம். அவளுக்கு அப்போது ஆறு வயது. அந்த இரவை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

ஆகவே பதிவு செய். ஆனால் நீ அனுப்பிய பட்டியல்படி பதினான்கு இரவுகளுக்குப் பத்து ஊர் வேண்டாம். தினமும் பெட்டி கட்டி, பெட்டி இறக்கியே அம்மா களைத்துவிடுவார். முதல் இரவு மியூனிக். பிறகு ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கம் மூன்று, லீன்ஸ் நகரில் மூன்று, இத்தாலியில் கார்டா ஏரியருகே ஐந்து, திரும்ப மியூனிக் பக்கம் இரண்டு. நடுவில் உள்ள மூன்று ஊர்களிலும் சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு எடு. அம்மாவுக்குத் தயிர்சாதம் கிடைக்கும். அத்தகைய வீடுகளை ஓர் இரவுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள், மூன்று இரவென்றால் தருவார்கள். துப்புரவுக் கட்டணம் தனியாக இருக்கும், அதையும் சேர்த்துப் பார்த்து விலையை ஒப்பிடு.

படுக்கை நிச்சயமானால் பயணத்தின் சுதந்திரம் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சால்ஸ்பர்க்கிலிருந்து லீன்ஸ் போகும் நாளையே எடுத்துக்கொள். வானம் தெளிவாக இருந்தால் கிராஸ்க்ளாக்னர் வழி. 1935இல் திறந்த சாலை, 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். செப்டம்பரிலும் அங்கே திடீரென்று பனி விழும். அப்படியானால் ஃபெல்பர்டவர்ன் சுரங்கப்பாதை வழியாகப் போ. இரண்டு வழியும் லீன்ஸில்தான் கொண்டுவிடும். காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். இரவு எங்கே என்ற கவலை இல்லாதவனால்தான் வழியில் ஒரு அருவியைக் கண்டு காரை நிறுத்த முடியும்.

மியூனிக்கின் கடைசி இரண்டு இரவுகளை இன்றே பிடித்துவிடு. நீ திரும்பும் செப்டம்பர் 24 அந்நகரின் பெரிய பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் நடுவில் வருகிறது. அறை வாடகை பல மடங்கு ஏறும். நகரத்துக்குள் வேண்டாம், விமான நிலையத்தை ஒட்டிய ஃப்ரைசிங் நல்ல ஊர்.

கார்டாவிலிருந்து வெரோனா நகரத்துக்குப் போகும் நாளில் பழைய நகருக்குள் காரை விடாதே. அனுமதி இல்லாத வண்டியை கேமரா படம் பிடித்துவிடும். அபராதம் பல மாதம் கழித்து, வாடகைக் கார் நிறுவனத்தின் கட்டணத்தோடு சேர்ந்து வீடு தேடி வரும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து போ.

விசா விஷயத்தில் ஒரு திருத்தம். மியூனிக்கில் இறங்குவதால் ஜெர்மனிக்கு விண்ணப்பிப்பதாக எழுதியிருந்தாய். மூன்று நாடுகளுக்கும் ஒரே விசாதான்; அதற்கு அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நான் சொன்ன கணக்கில் ஆஸ்திரியா ஆறு, இத்தாலி ஐந்து, ஜெர்மனி மூன்று. ஆகவே ஆஸ்திரியா. தங்குமிடச் சான்றும் முழுப் பயணத்துக்கும் வேண்டும். ரத்து செய்ய வசதியுள்ள பதிவாக எடு, எந்தத் தேதிவரை பணம் திரும்பும் என்பதைக் குறித்து வை. விசா வாங்க மட்டும் பொய்யாக ஒரு பதிவு போட்டுக் கொடுக்கிறேன் என்று யாராவது ஏஜெண்ட் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. நாலு அறை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். வராதவனுக்காக அவர்கள் ஓர் அறையைப் பூட்டிவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

லீன்ஸ் வீட்டை நான் பார்க்கிறேன். ஜெர்மன் மொழியில் தொலைபேசியில் பேசினால் படி, குளியலறை எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுவிடலாம். அதற்கு முன் நீ அம்மாவிடம் கேட்டு எழுது: குளிக்க உட்காரும் முக்காலி வேண்டுமா, கைப்பிடி இருந்தால் போதுமா?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்