ஆண்டறிக்கை: கிறிஸ்மஸ் பரிசு விஷயத்துல இந்த வருஷம் நம்ம சங்கம் செஞ்சதும் செய்யத் தவறினதும்

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், செயற்குழுவுல கூட நின்ன எல்லாருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கற அண்ணன் அக்கா தம்பி தங்கச்சிங்களுக்கும், முன்வரிசையில உக்காந்திருக்கற பெரியவங்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவுக்கு அப்புறம் செயற்குழு 9 தடவை கூடுச்சு. தண்ணி மோட்டார் ரிப்பேர், மாடிப்படி லைட்டு, கேட்டுக்கு பெயிண்ட் எல்லாம் முடிஞ்சுது. வரவு செலவ அக்கா தனியா வாசிப்பாங்க, அதனால நான் அதுக்குள்ள போகல. இந்த அறிக்கையில முக்கால்வாசி ஒரே விஷயம்தான், கிறிஸ்மஸ் பரிசு. சங்கத்து அறிக்கையில இதுக்கு இவ்வளவு இடமான்னு சிலருக்குத் தோணலாம், ஆனா இந்த வருஷம் நாம அதிகமா பேசினதும் சண்டை போட்டதும் இதுக்காகத்தான்.

ஆரம்பிச்சது ஜனவரியில. அதுக்கு முன்னாடி நடந்த கிறிஸ்மஸ் விழா முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு ஹால கிளீன் பண்ணலாம்னு போனோம், மூலையில பரிசுப் பேப்பர் அடைச்ச சாக்கு மூட்டைங்க கெடந்துச்சு, ஒரு மூட்டைக்குள்ள இருந்து மெல்லிசா பாட்டு கேக்குது. பெருக்க வந்த அக்கா "மூணு நாளா பாடிட்டே இருக்கு சார்"னு சொன்னாங்க. பிரிச்சுப் பாத்தா, தொறந்தா பாடுற வாழ்த்து அட்டை ஒண்ணு பாதி தொறந்த மாதிரி நசுங்கிக் கெடக்கு, பேட்டரி தீர்ந்துபோயி பாட்டு இழுத்து இழுத்து வருது. உள்ள எழுதறதுக்கு விட்டிருந்த இடத்துல ஒரு எழுத்து கூட இல்ல. யாரு குடுத்தது, யாருக்குக் குடுத்தது, எதுவும் இல்ல. கடையில அச்சடிச்ச ரெண்டு வரி மட்டும்தான்.

அந்த அட்டைய நான் பிச்சு உள்ள இருந்த பொத்தான் பேட்டரிய எடுத்துட்டேன், இத குழந்தை வச்சிருக்கற வீட்டுக்காரங்க கவனமா கேட்டுக்கணும். இந்தச் சின்ன வட்ட பேட்டரிய குழந்தை முழுங்கி அது தொண்டைக்குழாயில சிக்கிக்கிச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்து புண்ணாக்கிடும், உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பாட்டு அட்டை, மினுக்குற பொம்மை, லைட்டு எரியற சாவிக்கொத்து எல்லாத்துலயும் இதான் இருக்கு, பல மலிவு சாமான்ல மூடிக்கு ஸ்குரூ கூட கிடையாது. அப்புறம் பசங்கள வச்சு அந்தப் பேப்பர் எல்லாத்தையும் பிரிச்சோம். கைக்குள்ள வச்சு நல்லா கசக்கிட்டு விடணும், கசங்கினபடியே நின்னா காகிதம், மறுபடி விரிஞ்சுக்கிச்சுன்னா பிளாஸ்டிக் கலந்தது, பழைய பேப்பரோட சேக்கக் கூடாது. பளபளன்னு இருந்த முக்கால்வாசி விரிஞ்சுக்கிச்சு.

அந்த மூட்டைங்க முன்னாடி நின்னப்பதான் நாம என்ன பண்ணிட்டு இருக்கோம்னு எனக்கு உறைச்சுது. வருஷா வருஷம் வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்றோம், மொத்தமா ஒரே சாமான வாங்குறோம், ஒரே பேப்பர்ல சுத்துறோம், லிஸ்ட்ல டிக் அடிச்சு குடுக்குறோம். வாங்கினவங்களுக்கு அது தேவையான்னு நான் செயலாளரா இருந்த காலத்துல ஒரு தடவை கூட கேட்டதில்ல. எந்த வீடும் விட்டுப்போகலையேங்கறது மட்டும்தான் என் கவலையா இருந்துச்சு.

இதவிட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, அத இந்த சபையில சொல்லித்தான் ஆகணும். விழா முடிவுல நிர்வாகிங்களுக்கு ஒரு பரிசு குடுப்பாங்கல்ல, ரெண்டு வருஷமா நானும் வாங்கிட்டு வந்தேன், அது யாரு காசுன்னு விசாரிக்கல. பிப்ரவரியில வாட்ச்மேன் அண்ணன்கிட்ட பேச்சுவாக்குல கேட்டப்பதான் தெரிஞ்சுது, அவரும் பெருக்கற அக்காங்களும் சேந்து அதுல பங்கு போடறாங்க. "எல்லாரும் குடுக்கறப்ப நாங்க மட்டும் எப்படி சார் குடுக்காம இருக்கறது"ன்னாரு. கோபமா சொல்லல, ரொம்ப சாதாரணமாத்தான் சொன்னாரு, எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

இது ஏதோ நம்ம சங்கத்துல மட்டும் வந்த வினைன்னு நெனச்சேன், படிச்சுப் பாத்தா நூறு வருஷத்துக்கு மேல பழைய கதை. 1912ல நியூயார்க்ல பெரிய கடைங்கள்ல வேலை பாத்த பெண்கள், கிறிஸ்மஸ் வந்தா தங்களோட சூப்பர்வைசருக்குப் பரிசு வாங்க சம்பளத்துல இருந்து பங்கு குடுத்தே ஆகணுங்கற நெலமையில இருந்தாங்க. அத எதுத்து ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க, பயனில்லாத பரிசுகளைத் தடுக்கும் சங்கம்னு பேரு. எலினார் பெல்மான்ட், ஆன் மோர்கன்னு ரெண்டு பேர் முன்னால நின்னு நடத்தினாங்க, முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கூட அதுல சேந்தாரு. பரிசே குடுக்கக் கூடாதுன்னு அவங்க சொல்லல. பயந்துக்கிட்டும் கடமைக்கும் குடுக்கறத நிறுத்துங்க, மனசார குடுங்கன்னுதான் கேட்டாங்க. நம்ம வாட்ச்மேன் அண்ணன் சொன்ன அதே வார்த்தைய அந்தப் பொண்ணுங்களும் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

நவம்பர் கூட்டத்துல நான் பேசினத வராதவங்களுக்காக இங்க கொஞ்சம் சொல்லிடறேன். கிறிஸ்மஸ் தாத்தா சாண்டாவுக்கு மூலமா சொல்ற புனித நிக்கோலாஸ் 4ஆம் நூற்றாண்டுல மீரான்னு ஒரு ஊர்ல பிஷப்பா இருந்தவர், இப்ப அது துருக்கியில இருக்கு. கல்யாணம் பண்ணிக் குடுக்க வழியில்லாத ஒரு அப்பாவோட மூணு பொண்ணுங்களுக்காக ராத்திரியில யாருக்கும் தெரியாம பொன் முடிப்ப வீட்டுக்குள்ள போட்டுட்டுப் போனாருன்னு கதை. அந்தக் கதையில அவருக்கு அந்த வீட்டோட கஷ்டம் தெரிஞ்சிருக்கு, குடுத்தது யாருன்னு அந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னும் நெனச்சிருக்காரு. வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு பைபிள்ல இருக்கறதும் இதான். அப்புறம் வந்த காலத்துல இது ரெண்டுமே தலைகீழாப் போச்சு. 1843ல லண்டன்ல ஹென்றி கோல்ங்கறவர் எல்லாருக்கும் தனித்தனியா கடிதம் எழுத நேரமில்லன்னு அட்டைய அச்சடிச்சாரு, விலைக்கு வந்த முதல் கிறிஸ்மஸ் அட்டை அதான். 1931ல இருந்து கோகோ கோலா விளம்பரத்துக்காக ஹாடன் சன்ட்ப்ளம்ங்கற ஓவியர் வரைஞ்ச சாண்டா முகம்தான் இன்னிக்கு நாம எங்க பாத்தாலும் தெரியற முகம். (சிவப்புச் சட்டைய அவங்கதான் போட்டுவிட்டாங்கன்னு சொல்றது தப்பு, தாமஸ் நாஸ்ட்ங்கற ஓவியர் அதுக்கு ரொம்ப முன்னாடியே சிவப்புல வரைஞ்சிருக்காரு.) 1939ல மான்ட்கோமரி வார்ட்ங்கற கடை, குழந்தைங்கள கூட்டிட்டு வர பெத்தவங்களுக்கு இலவசமா குடுக்க ஒரு சின்னப் புத்தகம் போட்டுச்சு, சிவப்பு மூக்கு மான் ருடால்ஃப் அதுலதான் பொறந்துது, அந்த ஒரு வருஷத்துல மட்டும் 24 லட்சம் பிரதி குடுத்தாங்க. அதே 1939ல அமெரிக்காவுல, கிறிஸ்மஸ் வியாபாரம் சூடுபிடிக்கறதுக்கு முன்னாடி வர்ற தேங்க்ஸ்கிவிங்ங்கற நன்றி சொல்ற நாளையே ஜனாதிபதி ஒரு வாரம் முன்னாடி கொண்டு வந்தாரு, கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு இன்னும் ஒரு வாரம் கெடைக்கட்டும்னு.

வியாபாரிங்க மேல எனக்குக் கோபம் இல்ல, அவங்க பொழப்பு அது. ஆனா யாருக்குக் குடுக்கறோம்ங்கறத மறந்துட்டு எத குடுக்கறோம்ங்கறத மட்டும் நம்ம மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க, அத நாமளும் ஏத்துக்கிட்டோம்.

இன்னொன்னும் அன்னிக்குச் சொன்னேன். ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர், 1993ல ஒரு கட்டுரை எழுதினாரு. தன்கிட்ட படிச்ச பசங்கள கேட்டாரு, உங்களுக்கு வந்த பரிசுக்கு நீங்களா இருந்தா எவ்வளவு மதிப்பு குடுப்பீங்கன்னு. குடுத்தவங்க செலவு பண்ணினதுல பத்துல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வீணாப் போறதா கணக்கு வந்துச்சு. ஆனா அந்தக் கணக்குல ஒரு விஷயம் இருக்கு, பாசத்துக்கான மதிப்ப சேக்காம சொல்லுங்கன்னு கேட்டுத்தான் அந்தக் கணக்கு. அப்ப பாசம் இல்லாத பரிசுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும், நாம மொத்தமா வாங்கி டிக் அடிச்சுக் குடுத்தது அந்த ரகம்தான்.

சரி, என்ன பண்ணினோம். மொத்தக் கொள்முதல நிறுத்தினோம். வேலை பாக்கறவங்ககிட்ட பங்கு வாங்கறதையும் நிர்வாகிங்களுக்குப் பரிசு குடுக்கறதையும் நிறுத்தினோம். டிசம்பர் முதல் வாரம் படிக்கட்டுக்குக் கீழ ஒரு பெட்டி வச்சோம். ஆளுக்கு ரெண்டு சீட்டு, ஒண்ணுல எனக்கு இது வேணும், இன்னொண்ணுல எனக்கு இது வேண்டாம். காசு போட்டு வாங்கற சாமான கேக்கக் கூடாதுன்னு மட்டும் ஒரு கட்டுப்பாடு. வாட்ச்மேன் அண்ணனும் அக்காங்களும் கூட எழுதிப் போட்டாங்க. யாரால எது முடியுமோ அந்தச் சீட்ட எடுத்துக்கலாம்.

வேண்டாம் சீட்டு எல்லாத்தையும் படிச்சப்ப மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சுவர்க் கடிகாரம் வேண்டாம், போட்டோ ஃப்ரேம் வேண்டாம், வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம், தலைவலி வருது. இத்தனை வருஷம் வாங்கிக்கிட்டு சிரிச்சிருக்காங்க.

வேணும் சீட்டுல வந்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஒரு தாத்தா, போன்ல எழுத்து பெருசா தெரியற மாதிரி வச்சுக் குடுங்கன்னு எழுதியிருந்தாரு. ரெண்டு நிமிஷ வேலை, ஆனா ஒரு வருஷமா பேரன் அனுப்பற மெசேஜ படிக்க முடியாம இருந்திருக்காரு. கைக்குழந்தை வச்சிருக்கற ஒரு தங்கச்சி, ரெண்டு மணி நேரம் யாராவது குழந்தைய பாத்துக்கோங்க நான் தூங்கணும்னு எழுதியிருந்தாங்க, அந்தச் சீட்டுக்கு மட்டும் நாலு பேர் போட்டி. கடைசி மாடி பாட்டி எழுதினது, ஊசியில நூல் கோத்துக் குடுங்க. கண்ணு தெரியல, தைக்கத் தெரியும், ஆனா கோக்க முடியல, ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிடணும்னு தைக்கறதையே விட்டுட்டாங்களாம்.

அந்தச் சீட்ட எடுத்தது பத்தாவது படிக்கற ஒரு தம்பி. அவன் பேரச் சொல்ல வேண்டாம்னுட்டான். இங்க நான் பெரியவர் ஒருத்தர் கேட்ட கேள்வியச் சொல்லணும். பெட்டி வச்ச அன்னிக்கே அவர் எழுந்து நின்னு, "கேட்டு வாங்கறது எப்படிப்பா பரிசாகும், அது ஆர்டர். இயேசு பொறந்தப்ப பாக்க வந்த சாஸ்திரிங்க பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொண்டு வந்தாங்களே, பிள்ளைகிட்ட கேட்டுட்டா கொண்டு வந்தாங்க"ன்னு கேட்டாரு. எனக்கு அப்ப பதில் தெரியல, அவர் சொல்றதுல நியாயம் இருக்குன்னுதான் பட்டுச்சு. எதிர்பாராம ஒண்ணு கைக்கு வர்ற சந்தோஷத்த சீட்டு எழுதி வாங்க முடியாதுதான்.

அந்தத் தம்பி பாட்டிக்கு ஒரு ஊசி கோத்துக் குடுத்துட்டுப் போகல. மொட்டை மாடியில காயப் போட்டிருந்த பாட்டியோட துணிங்கள ரெண்டு நாள் பாத்திருக்கான், என்னென்ன கலர்னு குறிச்சு வச்சு அந்தந்த கலர் நூல் தேடி, 20 ஊசி கோத்து, நூல் சிக்காம ஒவ்வொண்ணையும் ஒரு பழைய பெல்ட் துணியில வரிசையா குத்தி, சுருட்டி நாடா கட்டி எடுத்துட்டு வந்தான். பாட்டி பிரிச்சுப் பாத்துட்டு மெரூன் நூல் ஊசிய உருவி, "இது அந்தப் பழைய புடவைக்கு"ன்னாங்க. அன்னிக்கே அந்தக் கிழிசல தச்சு முடிச்சுட்டாங்க. பெரியவர் பக்கத்துலதான் நின்னு பாத்துட்டு இருந்தாரு. அவருக்கான பதில் அந்தத் துணியில இருந்துச்சு, ஊசிய பாட்டி கேட்டாங்க, மெரூன் நூல அவங்க கேக்கல.

எல்லாம் நல்லா நடந்துச்சுன்னு எழுதினா அது பொய். குழந்தைங்க விஷயத்துல நாம சரியா யோசிக்கல. மத்த எடத்துல எல்லாம் பசங்க என்ன கெடைச்சுதுன்னு ஒருத்தர ஒருத்தர் கேக்கறப்ப நம்ம பசங்க ரெண்டு மூணு பேர் சொல்றதுக்கு ஒண்ணுமில்லாம முழிச்சிருக்காங்க, ஒரு அப்பா மறுநாளே போயி பொம்மை வாங்கிக் குடுத்தாரு. அவர் செஞ்சது தப்பே இல்ல. குழந்தைக்குப் பொட்டலம் பிரிக்கற ஆசை இருக்கத்தான் செய்யும், அத நம்ம கொள்கைக்காக அடக்கக் கூடாது. சில வீட்ல ஆசைப்பட்டது ஒண்ணு, தேவைப்பட்டது ஒண்ணு, உடுத்த ஒண்ணு, படிக்க ஒண்ணுன்னு நாலோட நிறுத்திக்கறாங்களாம், அது நமக்கும் ஒத்து வருமான்னு பெத்தவங்க பேசி முடிவு பண்ணுங்க.

இன்னொரு சீட்டு என் பையிலயே தங்கிடுச்சு. ஒரு அம்மா, 19ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்குப் போகணும், கூட யாராவது வந்து உக்காந்திருந்தா போதும்னு எழுதியிருந்தாங்க. பெட்டிய நான் தொறந்ததே 20ஆம் தேதி. தனியா போயிட்டு வந்துட்டாங்க. கேட்டப்ப "பரவால்ல தம்பி, ரிசல்ட் நல்லாத்தான் வந்திருக்கு"ன்னாங்க. அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன், இந்த சபை முன்னாடியும் கேக்கறேன்.

அதனால பொதுக்குழு ஓட்டுக்கு மூணு விஷயம் வைக்கறேன். வேலை பாக்கறவங்ககிட்ட எந்தப் பண்டிகைக்கும் எந்தப் பேர்லயும் சங்கம் காசு வாங்கக் கூடாதுங்கறத விதியாவே எழுதணும். பெட்டிய நவம்பர் ஒண்ணாம் தேதியே வச்சு ரெண்டு நாளுக்கு ஒரு தடவை தொறக்கணும், தேதி போட்ட சீட்ட முதல்ல பிரிக்கணும், சாவி என்கிட்ட மட்டும் இல்லாம இன்னும் ரெண்டு பேர்கிட்ட இருக்கணும். அப்புறம், டிசம்பர் மட்டும் போதாது வருஷம் பூரா பெட்டி இருக்கட்டும்னு வாட்ச்மேன் அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு, அதையும் பேசிடலாம்.

சாவி வாங்கிக்கறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க. பாட்டிக்கு 20 ஊசியில இன்னும் மூணுதான் மிச்சம் இருக்காம், நூல் கோக்கத் தெரிஞ்சவங்க அந்தத் தம்பிகிட்ட பேரு குடுத்துடுங்க, அவனுக்கு இப்ப பரீட்சை நேரம்.

இப்படிக்கு,
செயலாளர்