ஆர்வம் இல்லையென்று எழுதும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. மாநகராட்சி நடத்தும் மருத்துவ முகாம்கள், குப்பையைத் தரம் பிரிப்பது பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்கள், வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் எல்லாவற்றையும் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். கடைசி வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 'வடசென்னையில் இதுபோன்ற நிகழ்ச்சிகளுக்குப் பொதுமக்களிடம் போதிய ஆர்வம் இல்லை என அதிகாரிகள் தெரிவித்தனர்.' அதிகாரிகள் சொன்னார்கள், சரி. அதை அச்சில் போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஆட்கள் யாரையாவது கேட்டீர்களா ஐயா?

நான் வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் வீட்டு வாசலில் ஒரு மேஜை, அடுப்பு, இட்லிப் பானை, இரண்டு பெஞ்சு. விடிவதற்கு முன் அடுப்புப் பற்றவைத்தால் பத்தரை வரை அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. தங்கள் பத்திரிகையை என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்குகிறோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஒரு முகாம் நடக்கப்போகிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? கரண்ட் பெட்டியின் மேல் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டுவார்கள். அதன்மேல் மறுநாளே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். மைக் கட்டிய ஆட்டோ மெயின் ரோட்டோடு போய்விடும். எங்கள் சந்துக்குள் அது நுழையாது, சத்தமும் எட்டாது. வாட்ஸ்அப் குழுவில் போட்டோம் என்கிறார்கள். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும், கட்சிக்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும்தான். முகாம் முடிந்த மறுநாள் தங்கள் பக்கத்தில் சால்வையோடு படம் வருகிறது. அதைப் பார்த்துத்தான் நேற்று நடந்ததே எங்களுக்குத் தெரிகிறது.

போன வருஷம் சர்க்கரை, பிரஷர் பார்க்கிற முகாம் ஒன்று. எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சர்க்கரை அதிகம், காலில் புண் ஆறாமல் இருந்தது. வேலை செய்கிற வீட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, "அக்கா, நீயும் கூட வா" என்றாள். கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய், அதற்குப் பின்னால் இன்னொன்றும் போய், கேட் திறந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் பேனரை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தார்கள். பிரஷர் பார்க்கிற மெஷின் பைக்குள் போய்விட்டது. தாளில் போட்டிருந்த நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. "கூட்டமே வரலைம்மா, அதான் முடிச்சுட்டோம். நாளைக்கு வேற வார்டுல இருக்கு, அங்க போங்க" என்றார் ஒருவர். எந்த வார்டு, எந்த இடம் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அரை நாள் கூலி போனதோடு அவள் திரும்பி வந்தாள். நீங்கள் எழுதிய 'ஆர்வம் இல்லாத பொதுமக்கள்' கணக்கில் அவளும் அன்றைக்குச் சேர்ந்திருப்பாள்.

எல்லாமே வேலை நாளில், காலை பத்து மணிக்கு மேல். இங்கே இருப்பவர்கள் யார்? துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர்கள், இருட்டோடு காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள், பஸ் பிடித்து கீழ்ப்பாக்கத்துக்கும் புரசைவாக்கத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். அவர்கள் எந்தக் கூலியை விட்டுவிட்டு பத்து மணிக்கு வந்து நாற்காலியில் உட்காருவார்கள்? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அப்புறம் சொல்லுங்கள், கூட்டம் வருகிறதா இல்லையா என்று.

பகுதி சபை பற்றியும் எழுதியிருந்தீர்கள். 2016-ல் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 வரை எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது என்பது தாங்கள் அறியாததல்ல. ஐந்து வருஷத்துக்கு மேல் குழாயில் சாக்கடை கலந்து வந்தாலும் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் இருந்தோம். அதனால் 2022 நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, வார்டைப் பகுதிகளாகப் பிரித்துச் சபைக் கூட்டம் நடந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இனி நம் தெருவைப் பற்றி நாமே உட்கார்ந்து பேசலாம் என்று நம்பினேன். அதற்குப் பிறகு எங்கள் பகுதிக்குக் கூட்டம் எப்போது, எங்கே என்று முன்கூட்டி யாரும் வந்து சொன்னதில்லை. நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும் ஒருமுறை வீட்டுக்கே வந்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "கூட்டத்துக்கு வந்தமாதிரி ஒரு கையெழுத்தும்மா" என்றார்கள். நான் போடவில்லை.

குப்பை விஷயத்தில் எங்களுக்கு ஆர்வம் இல்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. சென்னையின் முதல் எட்டு மண்டலங்களின் குப்பை எங்கள் பக்கத்துக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குத்தான் வருகிறது. அண்ணா நகரில் சாப்பிட்ட வாழை இலையும் எங்கள் பக்கம்தான் வந்து விழுகிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால், மாவு ஆட்டும்போது முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்கிறேன். குப்பைமேடு தீப்பிடித்துப் புகை வந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. தரம் பிரிப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் காய்கறித் தோல், மீந்த சாம்பார் எல்லாம் ஒரு பக்கெட்டில், பால் கவர், பிளாஸ்டிக் எல்லாம் இன்னொரு பக்கெட்டில் வைக்கிறேன். வண்டி வந்ததும் இரண்டும் ஒன்றாகத்தான் கவிழ்கிறது. அதைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்த வண்டியோடு வருகிற பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1-ம் தேதியிலிருந்து, 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸார் கைது செய்து அப்புறப்படுத்தும் வரை, மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் எங்கள் தெருப் பெண்கள். மாநகராட்சி என்ன முடிவெடுக்கிறது என்பதில் அவர்களைவிட ஆர்வம் வேறு யாருக்கு இருந்தது?

விளையாட்டு மைதானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில், மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். வியாசர்பாடிப் பையன்கள் செருப்பில்லாமல் பந்து விளையாடிப் பழகியவர்கள். 120 ரூபாய் அவர்கள் வீட்டில் ஒரு நாள் காய்கறி, மளிகைச் செலவு. எதிர்ப்பு கிளம்பியது, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தப் பிள்ளைகளைப் பெற்ற ஊரையா ஆர்வமில்லாத ஊர் என்கிறீர்கள்?

மக்கள் இருக்கிற இடத்துக்குத் திட்டத்தைக் கொண்டுபோனால் மக்கள் வராமல் போனதே கிடையாது. பிட்டி தியாகராயர் பெயரில் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரியே இருக்கிறது. அவர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-ல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆரம்பித்தார்கள். சோற்றைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனதால் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். 2013-ல் அம்மா உணவகம் வந்தது, இட்லி ஒரு ரூபாய். என் வியாபாரம் அதில் அடிபட்டது, ஆனாலும் ஒருநாளும் நான் அதைத் திட்டியதில்லை. வேலைக்குப் போகிறவன் போகிற நேரத்தில், அவன் நடக்கிற வழியில் திறந்திருந்தது. வரிசை நின்றது. அந்த வரிசையைப் பார்த்து ஆர்வம் இல்லையென்று யாரும் எழுதவில்லை.

மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டியதை மாநகராட்சிக்குச் சொல்லிக்கொள்கிறோம். தங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். வெள்ளிக்கிழமைதோறும் சென்னைப் பக்கத்தில் அரைப் பத்தி இடம் ஒதுக்குங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர், இந்த ஆறு மண்டலங்களிலும் அடுத்த வாரம் நடக்கவிருக்கும் முகாம்கள், பகுதி சபைகளின் நாள், நேரம், இடம் ஆகியவற்றை மட்டும் போடுங்கள். முகாம் முடிந்தபின் வரும் படங்களில் ஒன்றைக் குறைத்தாலே அந்த இடம் கிடைத்துவிடும். அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பது என் பொறுப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துச் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் நடப்பது எது என்று தனியாகக் குறிப்பிட்டால் இன்னும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21