மூன்று கடிதங்களில் நீ கேட்ட கேள்வி

அன்புள்ள மகனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சிரிக்காதே. நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் நலம் விசாரிக்க என்ன இருக்கிறது என்பாய். பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. பழைய ரோமானியர்களும் இப்படித்தானாம். 'நீ நலமென்றால் நல்லது, நானும் நலம்' என்று கடிதத்தைத் தொடங்குவார்கள். எழுதி எழுதி அலுத்துப்போய், சொல்லுக்கு ஓர் எழுத்து என்று முதல் எழுத்துகளை மட்டும் போட்டு முடித்துக்கொண்டவர்களும் உண்டு. நாமாவது முழுசாக எழுதினோம்.

விஷயம் இதுதான். அப்பாவின் அலமாரியை ஒழிக்கும்போது நீ ஹாஸ்டலிலிருந்து போட்ட கடிதங்கள் கிடைத்தன. நான் உனக்குப் போட்டவையும் அதே கட்டில் இருந்தன. படிப்பு முடிந்து நீ கொண்டுவந்த பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். உன் கடிதம், அதன் கீழே என் பதில், அப்புறம் உன்னுடையது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். ரப்பர் பேண்ட் இளகித் தாளோடு ஒட்டியிருந்தது, குண்டூசிகள் துருப்பிடித்து ஓட்டை போட்டிருந்தன. எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிட்டேன். நீ வந்து செலோடேப் போட்டு ஒட்டுகிறேன் என்று ஆரம்பிக்காதே. அந்தப் பசையே கொஞ்ச வருஷத்தில் பழுப்பேறித் தாளைக் கெடுத்துவிடும்.

முதல் வருஷம் பூராவும் உன் புகார்தான். 'பக்கத்துக் கட்டில் பையனுக்கு அவன் அம்மா இரண்டு புதுச் சட்டை அனுப்பியிருக்கிறார்கள். நீ எனக்கு ஒன்றுமே அனுப்பவில்லை.' அன்றைக்கு இதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இப்போது அழவில்லை. சுமார் 3,700 வருஷத்துக்கு முன்னால் பாபிலோனியாவில் இத்தின்-சின் என்ற பையன், வெளியூரிலிருந்து தன் அம்மா ஜினுவுக்குக் களிமண் பலகையில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறான். இங்கே மற்ற பையன்களின் உடுப்பு வருஷத்துக்கு வருஷம் நன்றாகிக்கொண்டே போகிறது, என்னுடையதுதான் மோசமாகிறது. நம் அப்பாவிடம் வேலை செய்பவரின் மகனுக்கே இரண்டு புது உடுப்பு. அதோடு விட்டானா? அவன் அம்மா அவனைத் தத்து எடுத்தவள், ஆனாலும் பாசமாக இருக்கிறாள். நீ என்னைப் பெற்றவள், உனக்கு என் மேல் பாசம் இல்லை என்கிறான். ஜினு அதைப் படித்துவிட்டு என்ன செய்தாளோ. நான் சட்டை வாங்கி அனுப்பினேன், அளவு சின்னதாகிவிட்டது, அதற்கும் ஒரு கடிதம் வந்தது.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? கட்டைப் பிரித்த நாளிலிருந்து பழைய கடிதங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ராஜாக்கள் எழுதியதைப் புரட்டிவிட்டு விட்டுவிடுகிறேன். காலுறை அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா என்கிற ரகம்தான் எனக்குப் பிடிக்கிறது.

'என்னைப் பார்க்க வராவிட்டால் இனிமேல் உங்களுக்குக் கடிதமே போடமாட்டேன்' என்று நீ ஒரு கடிதம் போட்டிருக்கிறாய், நினைவிருக்கிறதா? எகிப்தில் தேயோன் என்ற பொடியனும் இதையே செய்திருக்கிறான், கிட்டத்தட்ட 1,800 வருஷத்துக்கு முன்னால். அவனை விட்டுவிட்டு அவன் அப்பா பட்டணத்துக்குப் போய்விட்டார். என்னை அலெக்சாந்திரியாவுக்குக் கூட்டிப்போகாவிட்டால் கடிதம் எழுதமாட்டேன், பேசமாட்டேன், சாப்பிடமாட்டேன், குடிக்கமாட்டேன், அவ்வளவுதான் என்று பாப்பிரஸ் தாளில் எழுதி அனுப்பியிருக்கிறான். எழுத்துப்பிழை எக்கச்சக்கமாம். உன்னுடையதிலும் ற, ர எல்லாம் அப்படித்தான். அம்மா 'இவன் என்னைப் பாடாய்ப் படுத்துகிறான், கூட்டிக்கொண்டு போங்கள்' என்று சொன்னதையும் அவனே எழுதியிருக்கிறான்! அந்த அம்மாவை எனக்கு நேரில் பார்த்ததுபோல் இருக்கிறது.

ஆனால் நான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. இங்கிலாந்தின் வடக்கே விண்டொலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில், 1973 முதல் மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்துவருகின்றன. ஈர மண்ணில் காற்றுப் படாமல் கிடந்ததால் அழியவில்லை. அவற்றில் ஒன்று, செவெரா என்பவள் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதம். கடிதத்தை வேறு யாரோ அழகாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் மட்டும் அவளே, கோணல்மாணல் எழுத்தில், உனக்காகக் காத்திருப்பேன் சகோதரி என்று எழுதியிருக்கிறாள். படம் பார்த்தேன். எனக்கு உடனே அப்பாவின் எழுத்துதான் கண்ணில் வந்து நின்றது.

அப்பா உனக்குத் தனியாக ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. நான் எழுதி முடித்து ஒட்டப்போகும்போது வாங்கி, ஓரத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு வரி எழுதித் தருவார். பெரும்பாலும் 'படி. உடம்பைப் பார்த்துக்கொள்.' ஒரு பருவத்தில் மட்டும் மூன்று கடிதத்திலும் ஒரே வரி: 'உன் சைக்கிள் பத்திரமாக இருக்கிறது.'

இப்போது அடுத்தடுத்து வைத்துப் படித்ததில்தான் பார்த்தேன், அந்த மூன்றுக்கும் மேலே உன்னுடைய மூன்று கடிதங்கள். மூன்றிலும் கடைசியில் 'என் சைக்கிளை யாராவது எடுக்கிறார்களா?' என்று கேட்டிருக்கிறாய். நான் மார்க் பற்றி எழுதியிருக்கிறேன், எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதியிருக்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. அந்தப் பொய்யை என் கையால் எழுத மனசு வரவில்லை, அப்பாவிடம் தள்ளிவிட்டேன்.

அக்கா எடுத்தாள். நீ போன இரண்டாவது வாரமே. சரிவில் இறங்கும்போது கல்லில் விட்டு முன்சக்கரம் எட்டாக வளைந்துவிட்டது, அவளுக்கு முழங்காலில் தையல். உன்னிடம் சொல்லக்கூடாது என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினாள். நீ லீவுக்கு வருவதற்கு முதல் நாள்தான் சக்கரம் மாற்றி, கீறல் விழுந்த இடத்தில் அப்பாவே பெயின்ட் அடித்தார். 'வண்டி புதுசு மாதிரி இருக்கே!' என்று நீ சுற்றிச் சுற்றி வந்தாய். 'தினமும் துடைத்தேன்' என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

அக்காவிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா