சூசைக்கு, மைதானம் பற்றி ஒரு கடிதம்

தூத்தூர் கரை
12 அக்டோபர் 2025

அன்புள்ள சூசை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சின்னவன் போன படகு கொச்சிக்குத் திரும்பும்வரை எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. முந்தாநாள் வந்து சேர்ந்தான். இன்று ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மதினிக்கு முழங்கால் வலி தேவலையா? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். இங்கே துலா மழை இன்னும் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தை வலை பின்னும் கொட்டகையில் வைத்துப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் லிவர்பூல் நகரில் எவர்டன் கால்பந்து அணியின் மைதானமான குடிசன் பார்க் திறந்தது 1892, எவர்டன் ஆண்கள் அணி அங்கே கடைசியாக ஆடியது 2025 மே 18 என்றதும் ஒருவன் கணக்குப் போட்டு 133 வருடம் என்றான். 1966 உலகக் கோப்பையில் பெலே அங்கே பல்கேரியாவுக்கு எதிராக கோல் போட்டதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அதே புல்தரையில் வட கொரியா மூன்று கோல் போட்டு முன்னால் நிற்க, யூசேபியோ ஒற்றை ஆளாக நான்கு கோல் திருப்பியடித்து போர்ச்சுகல் 5-3 என்று வென்ற கதைக்குக் கொட்டகையே கை தட்டியது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு இரண்டு செய்திகள். ஒன்று, மைதானத்தின் மூலையில் அரங்கோடு ஒட்டி நிற்கும் புனித லூக்கா கோயில். இன்னொன்று எவர்டனின் பழைய ஆட்டக்காரர் டிக்ஸி டீன். 1927-28 பருவத்தில் லீகில் மட்டும் 60 கோல் போட்டவர், 1980 மார்ச் 1 அன்று லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க வந்து, தான் ஆடிய அதே மைதானத்தில் உயிர் விட்டார் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். என் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவர் கடைசி மூன்று வருடமும் மாலையானால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருப்பாரே. ஆட்டம் இல்லாத நாளிலும் வருவார்.

நம் மைதானத்தின் மூலையிலும் கோயில் இருந்தது. கோல் கம்பங்கள் பழைய பாய்மரக் கழிகள், கோல் வலையோ கிழிந்துபோன கரைமடி வலை. தரை கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். கோயில் பக்கம் கால் புதையும் பொடிமணல். கடல் பக்கம் ஈரத்தில் இறுகிய மணல், அங்கேதான் ஓட முடியும். முதல் பாதியில் நீ வலது ஓரத்தில் கடலோடு ஓடுவாய். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் யாரிடமும் கேட்காமல் இடது ஓரத்துக்குப் போய்விடுவாய், கடலை மட்டும் விடமாட்டாய். நெய்யாற்றின்கரையிலிருந்து பூட்ஸ் போட்டு வந்த அணி இடைவேளைக்குள் இளைத்து நின்றது நினைவிருக்கிறதா? ஐந்து மணிக்கு மேல் தெற்குக் கோல்காவலனுக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அதனால் நாணயம் சுண்டி வென்றால் இரண்டாம் பாதியில் வடக்குக் கோலில் நிற்கும்படிதான் நம் தலைவர் கேட்பார். பந்து கடலில் விழுந்தால் நீந்திப் போய் எடுப்பது சின்னவர்களின் வேலை. உப்புத் தண்ணீர் குடித்த தோல் பந்தைத் தலையால் முட்டினால் இரவெல்லாம் வலிக்கும். மறுநாள் அதற்குச் சுறா எண்ணெய் தடவிக் காய வைப்போம். அந்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

அதெல்லாம் எப்படிப் போயிற்று என்று கேட்டிருந்தாய். ஒரே நாளில் போகவில்லை, அதுதான் வேதனை. 2004 சுனாமியில் தெற்குக் கோல் போனது. பிறகு ஒவ்வோர் ஆனி ஆடியிலும் கடல் பத்தடி, இருபதடி என்று எடுத்தது. பாறைகளைக் கொட்டி ஓரிடத்தில் தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். நாம் அரிக்கிற பக்கத்தில் இருந்தோம். மிஞ்சிய மணல்மேல் கடல் சுவருக்குக் கல் அடுக்கினார்கள். வீடுகள் பிழைத்தது அந்தக் கல்லால்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஓடிய ஓரம் இப்போது அலைக்குக் கீழே இருக்கிறது.

உன் ஊரில் நேர் எதிராக நடந்திருக்கிறது. ஐரிஷ் கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சியெடுத்து, 1848இல் திறந்த பிராம்லி மூர் கப்பல்துறையை நிரப்பி, அதன்மேல் எவர்டனுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் புதிய அரங்கம் எழுப்பியிருக்கிறார்கள். கடலைத் தூர்த்து மைதானமாக்க முடியுமா என்று ஒரு பையன் கேட்டான். மைதானத்தைக் கடல் தூர்த்ததை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் அவன். அவனுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

குடிசனை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்தது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. லண்டனில் ஆர்சனல் அணியின் பழைய மைதானமான ஹைபரிக்கு அந்தப் பேறு இல்லை. அரங்கின் பழைய முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் குடியிருப்பு கட்டி, புல்தரையைத் தோட்டமாக்கிவிட்டார்கள். இங்கே கோழிக்கோட்டில் மானாஞ்சிறை மைதானமும் பூங்காவாகிவிட்டது. பூங்கா நல்லதுதான். ஆனால் அங்கே நின்று ஆட்டம் பார்த்த ஒருவர் இப்போது நடைபாதையில் நடக்கும்போது, தன் தகப்பனோடு நின்ற இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

என் அப்பா சுறாப் படகில் கொச்சியில் கிடந்த காலத்தில், 1973 டிசம்பர் 27 அன்று, மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் பார்த்தார். ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதல் முறையாகக் கோப்பை எடுத்தது. மூன்று கோலும் கேப்டன் மணி போட்டது. அப்பா கோலைச் சொன்னதைவிடத் தான் நின்ற இடத்தைத்தான் அதிகம் சொன்னார். யாருடைய தோளில் கை வைத்திருந்தார், யார் பீடி கொடுத்தார் என்று சாகும்வரை சொன்னார்.

நின்று பார்த்த காலத்தை இப்படிப் புகழும்போது எனக்கு உறுத்தவும் செய்கிறது. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நெரிசலில் சிக்கி மாண்ட 97 பேர் லிவர்பூல் அணியைப் பார்க்கப் போனவர்கள். உன் தெருவிலேயே அந்தத் துக்கம் உள்ள வீடு இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய். அதன்பிறகுதான் நிற்கும் படிகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போட்டார்கள். அது செய்ய வேண்டிய காரியம். பழைய மைதானம் அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழையது போகும்போது அதில் நின்றவனுக்குப் புதியதில் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நம் பையன்களுக்கு அந்த இடம் இல்லை. உள்ளே சாலையோரத்தில் செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, விளக்குப் போட்ட மைதானம் வந்திருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை. கையில் காசு இருக்கிற அன்று ஆடுகிறார்கள், இல்லாத அன்று வலைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். போன வாரம் அப்படி நின்றவர்களில் ஒருவன், ஒக்கிப் புயலில் திரும்பி வராத நம் இடது பின்காவலனின் மகன். பந்து வெளியே வந்து விழுந்தபோது அவன் அதைக் காலால் நிறுத்தித் திருப்பியடித்தான். அப்படியே அவன் அப்பாவின் கால். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதனால்தான் இதைக் கேட்கிறேன், சூசை. ஏ.வி.எம். கால்வாய்க்கு அப்பால் உன் அப்பா வாங்கிப் போட்ட எண்பது சென்ட் சும்மா கிடக்கிறது. தென்னையில் பாதி வாடல் நோயில் போய்விட்டது, மொத்தம் பதினொரு மரம்தான் நிற்கிறது. நேற்று நடந்து அளந்து பார்த்தேன். நீளம் எழுபது மீட்டர், அகலம் நாற்பத்தைந்துக்குக் குறையாது. பதினொருவர் ஆடப் போதாது, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் தாராளமாக ஆடலாம். 2018இல் கொல்கத்தாவில் கேரளம் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியில் பொழியூர்ப் பையன்கள் இருந்தார்கள். நீரோடியைத் தாண்டினால் பொழியூர். அவர்களும் கடற்கரை மணலில் பழகியவர்கள்தான்.

தரகர் ஒருவர் இரண்டு தடவை என்னிடம் உன் எண் கேட்டார், கொடுக்கவில்லை. விற்க வேண்டிய நெருக்கடி உனக்கு இருந்தால் ஒளிக்காமல் எழுது, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லையென்றால் ஐந்து வருடத்துக்குப் பையன்களுக்கு விட்டுக்கொடு. நிலம் உன் பெயரிலேயே இருக்கட்டும். பங்குத்தந்தை முன்னால் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். மரம் வெட்டுகிற கூலி என்னுடையது. உன் அப்பா நட்ட அந்த வடக்கு மூலைத் தென்னை கோட்டுக்கு வெளியே வருகிறது, அதை வெட்ட வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வருவதாக உன் மகள் சொன்னாளாம். அதற்குள் பதில் எழுதினால், நீ வருமுன் கம்பம் நட்டுவிடலாம். பழைய பாய்மரக் கழி இரண்டு என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அன்புடன்,
அந்தோணி