மரத்தை வெட்ட வேண்டாம், அம்மா

வியன்னா
மாசி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

அண்ணா மாமரத்தை வெட்டப்போகிறார் என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டு பக்கம் நீலப் பேனையால் எழுதியதற்கு வட்ஸ்அப்பில் பதில் போட மனம் வரவில்லை, உட்கார்ந்து எழுத நேரமும் வரவில்லை. கோபிக்காதேங்கோ.

இங்கே இன்றைக்கு மைனஸ் ஆறு. இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன், உலர்ந்த காற்று தொண்டைக்கு ஆகாது, வேறொன்றும் இல்லை. புட்டு அவிக்கிறேன். கறிவேப்பிலை நாலு நெட்டுக்குக் கேட்கிற விலையைப் பார்த்தால் அது இல்லாமலே சம்பல் நன்றாக இருக்கிறது.

கீழ்வீட்டு மனுசி போன கோடையில் ஒருநாள் கதவைத் தட்டினா. நான் தாளித்த மணத்துக்குச் சண்டை பிடிக்க வந்தா என்று பயந்துபோனேன். கையில் ஒரு ஜாம் போத்தல். அதற்குள் ஒரு செரிப் பழம், அதற்குள் வெள்ளைப் புழு. "நீ பூச்சி ஆள்தானே, இது என்ன?" என்கிறா. செரி இலையான், எங்கள் மாம்பழ இலையானின் சொந்தக்காரன்தான் என்றேன். அன்றிலிருந்து படியில் கண்டால் அரை மணித்தியாலம் கதைக்கிறா, எனக்குப் பாதிதான் விளங்கும். கதைக்கட்டும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சித்தி கேட்டதற்கு "இலையான் பிடிக்கிறா" என்று அண்ணா சொன்னாராமே. பிடிக்கிறது வேறு ஆட்கள், வந்து சேர்ந்தது எந்த இலையான் என்று சொல்வதுதான் என் வேலை. அதுதான் கண்ணைப் பிடுங்குகிறது. நீங்கள் மாம்பழத்தில் கண்டீர்களே, குளவி மாதிரி, முதுகின் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, வயிற்றில் ஆங்கில டீ எழுத்துப் போலக் கறுப்பு. அதே அச்சில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. 1994இல் ட்ரூ, ஹான்கொக் என்ற இரண்டு பேர் இருந்து பிரித்து 52 இனம் என்று எழுதினார்கள். அதில் ஒன்றின் பேர் கண்டியென்சிஸ், எங்கள் கண்டிதான். பிறகு 2003இல் கென்யாவில், ஆபிரிக்காவில் அதுவரை காணாத ஒன்று பிடிபட்டது. இலங்கையிலும் அதே மாதிரி இருந்ததால் இரண்டு இடத்தையும் வைத்து 2005இல் இன்வாடென்ஸ் என்று புதுப் பேர் வைத்தார்கள். ஆனால் அதில் ஒன்றின் முதுகு கறுப்பு, அடுத்தது செம்மண் நிறம். ஒரே வயிற்றில் பிறந்த சின்னக்காவும் நானும் போல.

கடைசியில் நிறத்தையும் நீளத்தையும் அளந்து களைத்துப்போய், பல நாட்டு இலையான்களைப் பெரிய கூண்டுக்குள் விட்டு, பொழுதுபடும் நேரம் (அப்போதுதான் அவை சேரும்) எது எதோடு சேருகிறது என்று எண்ணினார்கள். ஒரு பேதமும் பார்க்காமல் சேர்ந்தன, குஞ்சும் பிழைத்தது, டிஎன்ஏயும் அதையே சொன்னது. 2015இல் இன்வாடென்ஸ் என்ற பேரும், அதே கூட்டத்தில் இன்னொன்றுக்கு இருந்த பப்பாயே என்ற பேரும் போய், 1912இல் ஹென்டல் என்றவர் வைத்த டோர்சாலிஸ் என்ற பழைய பேருக்குள் அடங்கின. அந்தக் கூட்டத்தில் கரம்போலே என்ற இனம் மட்டும் இதில் சேராமல் தனி. பேருக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், ஒரு நாட்டில் இன்ன இலையான் இருக்கிறது என்றால் மற்ற நாடு அதன் மாம்பழத்தை எடுக்க மறுக்கலாம்.

போன வாரம் ஒரு குப்பி வந்தது. சீட்டில் 'மாம்பழம், இலங்கை' என்று பென்சிலால் எழுதியிருந்தது. நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைக்க முதல் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன் அம்மா. ஸ்பிரிட் மணம்தான். பக்கத்து மேசைப் பிள்ளை என்ன என்று கேட்டா, தடிமன் என்று சொன்னேன்.

சரி, மரத்துக்கு வருவோம். போன முறை பழமெல்லாம் புழு, அதனால் மரத்தை வெட்டிவிட்டு அனெக்ஸ் கட்டுவோம் என்று அண்ணா சொல்கிறார். புழுவுக்கு மரம் என்ன செய்யும்? அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து நட்ட கறுத்தக் கொழும்பான் அது. பேர்தான் கொழும்பான், கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை மழைக்குள் அது காய்க்கிறதே பெரிய விஷயம். இப்போது பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விழுகிற பழத்தை அப்படியே விடாதேங்கோ, புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி, பத்து நாள் அளவில் இலையானாக வெளியே வரும். அன்றன்றே பொறுக்கி, கறுப்பு பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கோ. துளசியில் காலையில் வந்து நக்குகிறவை ஆண் இலையான்கள், அந்த மணத்தை வைத்துத்தான் பெண்களைக் கூப்பிடும். அவை பழத்தைக் குத்தாது, துளசியைப் பிடுங்காதேங்கோ. அந்த மணமுள்ள மருந்து விவசாயக் கந்தோரில் கேட்டால் சொல்வார்கள், போத்தலுக்குள் பஞ்சில் விட்டுத் தொங்கவிடலாம். காய் முட்டை அளவு வந்ததும் பழைய பேப்பரில் உறை செய்து கட்டுங்கோ, குத்திய பிறகு கட்டிப் பிரயோசனம் இல்லை. எட்டாத கொப்பை விட்டுவிடுங்கோ. ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம், முழங்கால் இருக்கிற இருப்பில்.

அண்ணா கேட்ட காசு சித்திரைக்குப் பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லுங்கோ, இங்கே வங்கியில் ஏதோ படிவம் பிந்துகிறது. காணி உறுதியை அவரிடம் கொடுக்காமல் அலுமாரியிலேயே வையுங்கோ. நான் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
சின்னப்பிள்ளை

சின்னக்காவின் பிரஷர் எப்படி? அதை எழுத மறந்துவிட்டீர்கள்.