அப்பாவுக்கு, பிரேயஸிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டாமல் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டதற்கு, "எல்லாரும் நன்றாகத்தான் நடத்துகிறார்கள் அப்பா" என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. "அந்த ஊரில் உனக்கு ஓர் அநியாயம் நடந்தால் யாரிடம் போய் நிற்பாய்?" என்று கேட்டீர்கள். கோர்ட்டில் மனுக்கட்டுகளுக்கு நடுவே வாழ்ந்து சிரஸ்தாராக ஓய்வுபெற்றவர் வேறெப்படிக் கேட்பார்? போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

அம்மாவுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய நிக்கேயா என்ற பகுதியில். வாரம் ஒரு நாள் தெருவை அடைத்துச் சந்தை போடுகிறார்கள். மத்தியும் நெத்திலியும் மலிவு. விற்கிறவர்களின் குரலைக் கேட்டால் தூத்துக்குடியில் நிற்பதாகவே தோன்றும். வெண்டைக்காய் சுண்டுவிரல் அளவில் இருக்கிறது. அதைத் தக்காளியும் ஒலிவ எண்ணெயும் விட்டுக் குழையக் குழைய வேகவைத்துவிடுகிறார்கள், எனக்கு மனசே ஆறவில்லை. மசாலா சாமான்களுக்கு ஏதென்ஸில் மெனாண்டிரு தெரு இருக்கிறது; வங்காளதேசத்தவர், பாகிஸ்தானியர் கடைகள். கறிவேப்பிலை கிடைத்தால் அன்று வீட்டில் திருவிழா. என் வேலை கப்பல் கம்பெனி ஒன்றில் மாலுமிகளின் சம்பளக் கணக்கு. பட்டியலில் பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர், நம் பக்கத்துப் பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள்.

வீட்டுக்கார அம்மாளின் பாட்டி, 1922இல் ஸ்மிர்னா நகரம் (இன்று துருக்கியின் இஸ்மிர்) எரிந்தபோது உடுத்திய துணியோடு கப்பலேறி வந்தவர். அடுத்த ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. மொத்தம் சுமார் 12 லட்சம் பேர் இந்தச் சின்ன நாட்டில் வந்து இறங்கினார்கள். நிக்கேயாவே அவர்களுக்காக எழுந்த குடியிருப்புதான். மதம் ஒன்று, பெரும்பாலோருக்கு மொழியும் ஒன்று. இருந்தும் உள்ளூர்க்காரர்கள் "துருக்கி விதை" என்று ஏசினார்களாம். இதைக் கண்கலங்கச் சொல்கிற அதே அம்மாள், அடுத்த மூச்சில், "இந்த ஆப்கானிகள் எதற்கு இத்தனை பேர் வருகிறார்கள்?" என்று கேட்கிறார். நல்ல மனுஷிதான். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் சூப்போடு மாடியேறி வந்துவிடுவார்.

இனி உங்கள் கேள்வி. நீதி என்பது என்ன என்று கிரேக்கர்கள் நடத்திய வாக்குவாதங்களிலேயே பெரிய ஒன்றைப் பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் எழுதிவைத்தார். அது நடப்பதாக அவர் காட்டும் இடம் அக்ரோபோலிஸும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. இதே பிரேயஸில், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீடு. அந்தக் குடும்பத்துப் பெரியவர் கெஃபலஸ், சிசிலித் தீவின் சிரக்யூஸ்காரர். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் அழைத்து வந்தவர். மகன்கள் பொலெமார்க்கஸும் லிசியஸும் கேடயப் பட்டறை வைத்து நன்றாகச் சம்பாதித்தார்கள்.

திருவிழா பார்க்க வந்த சாக்ரடீஸை வழிமறித்து வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பேச்சைத் தொடங்குகிறார்கள். உண்மை பேசிக் கடனைத் திருப்பிக் கொடுப்பதே நீதி என்கிற மாதிரி கிழவர் பேசுகிறார், வியாபாரி அல்லவா. நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வது நீதி என்கிறான் பொலெமார்க்கஸ். திராசிமாக்கஸ் என்ற ஒருவன் பொறுமையிழந்து பாய்கிறான்: வலுத்தவனுக்கு எது லாபமோ அதற்குப் பெயர்தான் நீதி, ஆள்கிறவன் தனக்கேற்ற சட்டத்தைப் போட்டுவிட்டு அதை மீறியவனைக் குற்றவாளி என்கிறான், இதில் ஆராய என்ன இருக்கிறது என்கிறான். அதற்கு மேல் கைஜஸ் பரம்பரையின் பழங்கதை ஒன்று வருகிறது. நிலம் பிளந்த பள்ளத்தில் இறங்கிய இடையன் ஒருவன், பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொள்கிறான். அதைத் திருகினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். நேரே அரண்மனைக்குப் போய், அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையே எடுத்துக்கொள்கிறான். பிடிபடமாட்டோம் என்று தெரிந்தால் எவன் நேர்மையாக இருப்பான் என்பதுதான் அங்கே கேள்வி. கணக்கு எழுதுகிறவளுக்கு இந்தக் கேள்வி தினமும் மேசைமேல் வந்து உட்காரும், அப்பா.

பிளேட்டோ அந்த நூலில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வீட்டுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பது.

அந்தக் காலத்து ஏதென்ஸில் என்னைப் போலக் குடியேறியவர்களுக்கு வாக்கு கிடையாது, நிலமோ வீடோ சொந்தமாக்கும் உரிமை பொதுவாகக் கிடையாது. பொறுப்பேற்க உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா தலைவரி. கட்டத் தவறினால் அடிமையாக விற்றுவிடலாம். போர் வந்தால் படையில் சேரவும் வேண்டும். ஆனால் கூலியில் மட்டும் பேதம் இல்லை. அக்ரோபோலிஸ் மேலுள்ள எரெக்தியம் கோவிலின் கட்டுமானக் கணக்கைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். குடிமகன், குடியேறி, அடிமை, யாராக இருந்தாலும் அதே வேலைக்கு நாளுக்கு ஒரு திராக்மாதான். அடிமையின் கூலி யார் கைக்குப் போயிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீசில், ஒரே கப்பலில் ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேருக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்து இரண்டு விதச் சம்பளம் எழுதுகிறேன். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

கி.மு. 404இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றது. ஸ்பார்ட்டாவின் ஆதரவில் முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். பணம் தேவைப்பட்டது. குடியேறிகள் ஆட்சிக்கு எதிரிகள் என்று சொல்லிப் பத்துப் பேரைப் பிடிப்பதென்று முடிவெடுத்தார்கள். அந்தப் பத்தில் இரண்டு பேர் ஏழைகளாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்து முடிவெடுத்தார்கள். பணத்துக்காகச் செய்ததாகத் தெரியக்கூடாதல்லவா! இந்த இரண்டு ஏழைகளைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொலையைவிட இதுவே அருவருப்பாக இருந்தது.

லிசியஸ் விருந்தினரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தார்கள். தன்னை உயிரோடு விட்டுவிட ஒரு தாலந்து வெள்ளி தருவதாக அவன் பேரம் பேச, வந்தவன் தன் பிள்ளைகள் தலைமேல் சத்தியம் செய்துவிட்டுப் பணப்பெட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டான். காவலில் வைத்த வீட்டின் பின்வாசல் வழியாக லிசியஸ் தப்பி, ஒரு கப்பல்காரர் வீட்டில் ஒளிந்து, அன்றிரவே மெகாராவுக்குக் கடலேறினான். அண்ணன் பொலெமார்க்கஸ் தெருவில் பிடிபட்டான். குற்றச்சாட்டு என்ன என்றுகூடச் சொல்லாமல் நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். அவன் மனைவியின் காதிலிருந்த தங்கத் தோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தும் ஒன்றிலிருந்தும் பிணத்தை எடுக்க விடவில்லை. கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, போர்த்தத் துணியை ஒரு நண்பரும் தலையணையை இன்னொருவரும் கொடுத்தார்களாம். அந்த முப்பது பேருக்குத் தலைவன் கிரிட்டியஸ், பிளேட்டோவின் தாய்வழி உறவினன். பல ஆண்டுகள் கழித்து பிளேட்டோ நீதியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, தன் உறவினர் கூட்டம் சூறையாடிய அதே வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். ஏன் என்று அவர் எழுதவில்லை. படித்த ஏதென்ஸ்காரர்களுக்குச் சொல்லத் தேவையும் இருந்திருக்காது.

எட்டு மாதத்தில் அந்த ஆட்சி விழுந்தது. அதை வீழ்த்தியவர்கள் கூடிய இடமும் பிரேயஸ்தான். லிசியஸ் திரும்பி வந்து, அண்ணனைப் பிடித்துப் போனவன் மேல் வழக்குத் தொடுத்து, தானே நின்று பேசினான். அவன் பேச்சு முழுவதும் இன்றும் இருக்கிறது. எங்கள் தகப்பனார் இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தார், நாங்கள் யார் மேலும் வழக்குப் போட்டதில்லை, எங்கள் மேலும் யாரும் போட்டதில்லை என்று தொடங்குகிறான். உங்களுக்கு அந்தத் தொடக்கம் பிடிக்கும். ஆனால் பறிபோன சொத்துப் பட்டியலில் 700 கேடயங்களுக்கும் தங்கத்துக்கும் துணிமணிக்கும் பக்கத்தில் 120 அடிமைகளையும் சேர்த்திருக்கிறான். அநியாயம் தன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும், பட்டறையில் இருந்தவர்கள் பக்கம் அவன் கண் போகவில்லை.

புராணக் கதைகளில் அயலாருக்கு இடம் இருந்தது. விருந்தினரையும் அடைக்கலம் கேட்டு வந்தவரையும் சியூஸ் கடவுளே காப்பதாக நம்பினார்கள். ஈஸ்கிலஸின் நாடகம் ஒன்றில், டானவுஸின் ஐம்பது பெண்கள் எகிப்திலிருந்து, கட்டாயக் கல்யாணத்துக்குத் தப்பி, வெயிலில் கறுத்த முகங்களோடு ஆர்கோஸ் கரையில் இறங்குகிறார்கள். இடம் கொடுக்காவிட்டால் உங்கள் தெய்வச் சிலைகளிலேயே தூக்குப் போட்டுக்கொள்வோம் என்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. மன்னனோ, ஊரைக் கேட்காமல் நான் முடிவெடுக்க முடியாது என்று சபையைக் கூட்டுகிறான். எல்லாக் கைகளும் உயர்கின்றன. கரையேறிய பிறகு தகப்பன் மகள்களுக்குச் சொல்கிற புத்தி எனக்கு நெஞ்சில் தங்கிவிட்டது: அயலாரைப் பற்றித் தவறாகப் பேச ஊர் நாக்கு எப்போதும் தயாராக இருக்கும், அடக்கமாக நடந்துகொள்ளுங்கள் என்கிறான். விமான நிலையத்தில் நீங்கள் என்னிடம் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

அதே ஈஸ்கிலஸ் முதல் கொலை வழக்கையும் மேடையேற்றினார், கி.மு. 458இல். மகளைப் பலியிட்ட கணவனைக் கிளிடெம்னெஸ்ட்ரா கொல்கிறாள். அவளை மகன் ஒரெஸ்டஸ் கொல்கிறான். பழிக்குப் பழி என்று இது முடியாமல் போவதைப் பார்த்து, அதீனா தேவி அரியோபாகஸ் பாறையில் ஊர்க்காரர்களை நீதிபதிகளாக உட்காரவைக்கிறாள். வாக்குகள் சரிசமம் ஆக, மகன் விடுதலை. இதுவரை சரி. தேவி சொன்ன காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை: நான் தாய் வயிற்றில் பிறந்தவள் அல்ல, ஆகவே ஆண் பக்கம் நிற்கிறேன் என்கிறாள். செத்த தாய்க்காகப் பேச வந்த பழிதேவதைகளைச் சமாதானப்படுத்தி, பூசையும் இடமும் கொடுத்து மண்ணுக்கடியில் குடிவைத்துவிடுகிறார்கள். இந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு இன்றும் அந்தப் பாறையின் பெயர்தான்.

எங்கள் பக்கத்து ஊரான கெரட்சினியில் 2013 செப்டம்பரில் ஓர் இளம் பாடகனைத் தெருவில் குத்திக் கொன்றார்கள். பாவ்லோஸ் ஃபிஸ்ஸாஸ் என்று பெயர். குத்தியவன் 'தங்க விடியல்' கட்சிக்காரன். குடியேறியவர்களை அடித்துத் துரத்துவதையே அரசியலாக்கிய கட்சி. அப்போது நாடாளுமன்றத்தில் 18 இடம் வைத்திருந்தது. வழக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் நடந்தது. பாவ்லோஸின் தாய் விடாமல் கோர்ட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். 2020 அக்டோபர் 7 அன்று, அது கட்சியே அல்ல, குற்றக் கும்பல் என்று தீர்ப்பு வந்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். இது நான் வருவதற்கு முந்தைய கதை. ஆப்கானிகளைப் பற்றிக் கேட்ட அதே வீட்டுக்கார அம்மாள் அன்று கோர்ட் வாசல் கூட்டத்தில் நின்றதாகச் சொல்கிறார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 2013இல் மனோலாடா என்ற ஊரின் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில், பாக்கிச் சம்பளம் கேட்ட வங்காளதேசத் தொழிலாளர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். முப்பது பேர் அளவில் காயம். மறு ஆண்டு தோட்ட முதலாளியை இங்குள்ள நீதிமன்றம் விடுவித்தது. 42 தொழிலாளர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அது கட்டாய உழைப்பு, கிரேக்க அரசு அவர்களைக் காக்கத் தவறியது என்று 2017இல் தீர்ப்பானது. நான்கு ஆண்டுகள்! நம் சிவில் வழக்குகளைப் பார்த்த உங்களுக்கு இது வேகமாகத் தோன்றலாம்.

ஆக, யாரிடம் போய் நிற்பேன் என்றால்: முதலில் தொழிலாளர் ஆய்வு அலுவலகம், பிறகு வக்கீல், பிறகு மேலே மேலே. வழி இருக்கிறது. என் போன்ற ஆபீஸ்காரிக்கு அந்த வழி தெரியும். மொழியும் கொஞ்சம் வந்துவிட்டது. ஸ்ட்ராபெரி பறிக்கிறவனுக்கு முதல் கதவே எங்கே என்று தெரியாது. வசிப்பு அனுமதி புதுப்பிக்கக் கொடுத்து, அட்டை வரும்வரை ஒரு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். போலீஸ்காரரைக் கண்டால் கை தானாகப் பையைத் தொடுகிறது.

என் பிறப்புச் சான்றிதழின் புதிய நகல் ஒன்று வாங்கி, உரிய முத்திரைகளோடு அனுப்பிவையுங்கள். அவசரம்.

கடைசியாக உங்களிடம் ஒரு சந்தேகம். மக்களாட்சி திரும்புவதற்குப் பணமும் கேடயமும் ஆளும் கொடுத்த லிசியஸுக்குக் குடியுரிமை தர, முப்பது பேரின் ஆட்சியை வீழ்த்தியவர்களின் தலைவன் திராசிபுலஸ் தீர்மானம் கொண்டுவந்தான். மக்கள் சபை ஏற்றது. ஆர்க்கினஸ் என்பவன், இது முதலில் ஆலோசனைச் சபைக்குப் போகாமல் நேரே வந்துவிட்டது, முறை தவறியது என்று வழக்குப் போட்டு ரத்து செய்தான். ஆர்க்கினஸும் சாதாரண ஆள் இல்லை, கொடுங்கோலரை எதிர்த்து நின்றவன்தான். லிசியஸ் கடைசிவரை வாக்கில்லாதவனாகவே இருந்து, குடிமக்களுக்கு வழக்குரை எழுதிக்கொடுத்துப் பிழைத்தான். முத்திரை குறைந்த எத்தனையோ மனுக்களை நீங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். இது உங்கள் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அம்மா பக்கத்தில் இல்லாதபோது யோசித்து எழுதுங்கள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் மகள்